லாரிக்கு ஒரு வேகப் பூட்டு

கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களில் கனரக லாரிகள் எஞ்சின் விசையில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. 2009 முதல் இது சட்டம். எஞ்சினை இயக்கும் கணினியிலேயே வேகம் பூட்டப்படுகிறது. எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் எரிபொருள் இறங்காது.

ஒன்ராறியோவில் இதைக் கேட்டு வாங்கியது லாரி நிறுவனங்களின் சங்கம். வேகம் குறைந்தால் டீசல் மிச்சம், விபத்தின் கடுமையும் குறையும். இரண்டும் உண்மைதான். ஆனால் சொந்த லாரி ஓட்டுபவர்களில் பலர் எதிர்த்தார்கள்.

அவர்களுடைய முதல் கவலை, முந்திச் செல்வது. குறுகிய தெருவில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பக்கம் பக்கமாக நடந்தால், பின்னால் வருபவர் என்ன செய்வார்? நெடுஞ்சாலையிலும் அதேதான். ஒரு லாரி 103-இல் போகிறது, இன்னொன்று 105-இல் முந்தப் பார்க்கிறது. நிமிடக்கணக்கில் இரண்டும் சாலையை அடைத்து நிற்கும். பின்னால் வரும் கார்காரர் பொறுமை இழப்பார்.

அடுத்தது கூலி. பல ஓட்டுநர்களுக்கு ஓடிய தூரத்தைக் கணக்கிட்டே சம்பளம். ஏற்றுமிடத்தில் காத்துக் கிடந்த நேரத்தைச் சாலையில் ஈடுகட்ட வழியில்லை. இந்தக் குறை நியாயமானது; அதற்கு மருந்து வேகமல்ல, காத்திருப்புக்கும் கூலி.

இன்னொன்று முக்கியம். இந்தப் பூட்டு எரிபொருளைத்தான் நிறுத்தும், பிரேக் போடாது. இறக்கத்தில் பாரமே லாரியைத் தள்ளும். அங்கே வேகத்தை அடக்குவது ஓட்டுநரின் காலும் கவனமும்தான்.