துடைப்பக் குச்சியும் புளியங்கொட்டையும் போதும்

(பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

இன்றைக்கு ஒரே ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 28-ஐயும் 15-ஐயும் கூட்டினால் 43. ஆனால் சில பிள்ளைங்க 313-ன்னு எழுதுவாங்க. எட்டும் அஞ்சும் பதிமூணு, ரெண்டும் ஒண்ணும் மூணு. கூட்டல் சரிதான். 28-ல் உள்ள 2 உண்மையில் இருபது என்பதுதான் பிடிபடவில்லை. இதை இப்படியே விட்டால் கழித்தல், பெருக்கல் எல்லாவற்றிலும் தடுமாறுவாங்க. "எனக்குக் கணக்கு வராது" என்ற பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்குது.

வீட்டில் பழைய தென்னந்துடைப்பம் இருக்குமே, அதன் குச்சிகளை விரல் நீளத்துக்கு உடைச்சுக்கோங்க. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்க. பிள்ளைதான் கட்டணும், நாம கட்டிக் கொடுத்தால் பாதிப் பயன் போச்சு. 28 என்றால் 2 கட்டு, 8 உதிரி. 15 என்றால் 1 கட்டு, 5 உதிரி. சேர்த்தால் உதிரி 13. அதில் பத்தை எண்ணிக் கட்டினால் புதுசா ஒரு கட்டு. இப்போ 4 கட்டு, 3 உதிரி. மேலே 1 போடச் சொல்றோமே, அந்த 1 இந்தப் புதுக் கட்டுதான்! கழித்தலில் கடன் வாங்குவதும் இதேதான், கட்டை அவிழ்க்கணும். 43-ல் 15 எடுக்க 3 உதிரி போதாது. ஒரு கட்டைப் பிரித்தால் 13 உதிரி ஆயிடும்.

வாய்பாட்டுக்குப் பல்லாங்குழி இருக்கு. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. "உன் பக்கம் 7 குழி, மொத்தம் எத்தனை கொட்டை?" என்று கேளுங்க. நாலு சேர்ந்தால் பசு இல்லையா? மூணு பசு எடுத்தால் எத்தனை? நாலாம் வாய்பாடு தானா வந்துடும். பாட்டிமார் இருக்கிற வீட்டுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித் தருகிறோம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர், நீ மட்டும் ஏன் அரும்பு?" என்று தயவுசெய்து கேட்காதீங்க. எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தான் அங்கிருந்து கூட்டிப் போக முடியும்.

விடை தப்பானால் உடனே திருத்த வேண்டாம். "குச்சியில் காட்டு"ன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைங்க கட்டின கட்டுகளையும் எடுத்துட்டு வாங்க. ரப்பர் பேண்டு இல்லைன்னா நூலால் கட்டினாலும் போதும்.