கலையும் கருவியும் நம் கடமையும்

(வெள்ளிவிழாக் கலையரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. எனினும் "நிதி குறைந்த காலத்தில் கலையும் புதிய கருவிகளும்" என்னும் பொருளை விழாக்குழுவினர் எமக்கு அளித்துள்ளனர். அதற்குக் காரணம் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. சென்ற ஆண்டு நம் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. மாலைநேரப் பாடசாலைக்கே பணம் போதாதபோது கலைக்குழு எதற்கு? பறைகளையும் வில்லையும் விற்றுப் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கலாமே என்பது அத்தீர்மானத்தின் கருத்து. யாமும் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தினோம். அத்தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டதேயன்றிக் கைவிடப்படவில்லை. வரும் பொதுக்குழுவில் அது மீண்டும் நம்முன் வரும். அப்பொழுது எம் கை ஏன் உயராது என்பதைக் கூறவே இங்கு நிற்கின்றோம்.

அன்பர்களே! நம் நாஞ்சில் நாட்டில் கலைஞனுக்குச் சோறிட்டது கொடைவிழா. பங்குனி, சித்திரை, வைகாசி என்னும் மாதங்களில் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் ஊர்தோறும் கொடை நிகழும். அம்மாதங்களில் கிடைக்கும் பணமே வில்லுப்பாட்டுக் குழுவினர்க்கும், கணியான் கூத்தினர்க்கும், மேளக்காரர்க்கும் ஆண்டு முழுவதற்குமான கைம்முதல். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பங்குனி பிறந்து இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை அப்போது. அவ்வாண்டுக் கொடைக்காலம் முழுதும் அதில் மூழ்கிற்று. மறு ஆண்டின் கொடைக்காலத்திலும் நோயின் இரண்டாம் அலை வந்து சேர்ந்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு பெற்றிருந்தோர்க்கு அரசின் நிவாரணம் கிட்டியது. பதிவு செய்யாதிருந்தோர் அல்லற்பட்டனர். நம்மவருள் பலர் அவ்வாறிருந்தனர்.

பெருந்தொற்று மட்டுமே காரணமன்று. அரசு மாறினால் கலைக்கான ஆதரவும் மாறுவதைக் கண்டிருக்கின்றோம். நாட்டுப்புறக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் அழைத்துவந்த சென்னை சங்கமம் 2007இல் தொடங்கி 2011 வரை நடந்தது, பின்னர் நின்றுபோயிற்று. 2023 சனவரியில்தான் மீண்டும் தொடங்கப்பெற்றது. இடையில் கழிந்தவை ஒரு கலைஞனுடைய நடுவயது ஆண்டுகள். ஊரளவிலும் இதுவே நிலை. மூன்றுநாள் கொடை ஒருநாளாகச் சுருங்கியதையும், வீட்டுக்கு வீடு பிரித்த வரிப்பணம் வாணவேடிக்கைக்கும் மெல்லிசைக்கும் போய்விட, வில்லுப்பாட்டுக்கு இரண்டு மணிநேரமே ஒதுக்கப்பட்டதையும் எம் கண்ணால் கண்டோம்.

இந்நிலையில்தான் "எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே, அதில் போட்டால் பணம் வருமே" என்று இளைஞர்கள் கூறுகின்றனர். அக்கூற்றில் உண்மை உண்டு. பாதி உண்மை உண்டு.

கருவி என்பது நம் மாவட்டக் கலைக்குப் புதிதன்று. ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) கோயில் முற்றத்து வில்லுப்பாட்டைத் திரைப்படத்திற்கும் நகரமேடைக்கும் கொண்டுசென்றார். 1984இல் நாகர்கோவிலில் வானொலி நிலையம் அமைந்தபின் நம் ஊர்க் குரல்கள் காற்றிலேறி வீடுகளுக்கு வந்தன. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் அதைப்பற்றி ஆங்கிலத்தில் பெருநூலொன்று வெளியிட்டார். கடல்கடந்த பல்கலைக்கழக நூலகங்களில் நம் பாட்டு அடுக்கப்பட்டுள்ளது. நம் கழக நூலகத்தில் ஒரு பாட்டின் பதிவுகூட இல்லை. இக்குறைக்கு யாமும் பொறுப்பாளரே.

கருவிக்கு மற்றொரு முகமும் உண்டு. இன்று கோயில்கள் பலவற்றில் பூசை வேளையில் சுவரோரம் ஓர் இயந்திரம் முழங்குகின்றது. மின்விசையை அழுத்தினால் முரசும் மணியும் தாமே அடிக்கும். அதற்குக் கூலியில்லை, பசியில்லை, பண்டிகைப் படியில்லை. அவ்விடத்தில் முன்பு ஒருவர் நின்று அடித்தார். அவர் எங்கே போனார் என்று எவரும் கேட்டிலர். ஆகவே கருவி என்றவுடன் கைதட்டுவதும் வேண்டா; கதவடைப்பதும் வேண்டா. அது கலைஞனின் கைக்குத் துணையா, கைக்கு மாற்றா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பிற இடங்களில் என்ன செய்தனர்? இங்கிலாந்து நாட்டில் 2010ஆம் ஆண்டு கலைமன்றத்திற்கான அரசு மானியம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. அந்நாட்டின் தேசிய நாடக அரங்கம் அதற்கு முந்தைய ஆண்டாகிய 2009 முதலே தன் நாடகங்களைப் படம்பிடித்துத் திரையரங்குகளில் காட்டத் தொடங்கியிருந்தது. 2020இல் அரங்கின் கதவுகள் மூடப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த அப்பதிவுகளே அதற்குக் கைகொடுத்தன. முதலில் இலவசமாகக் காட்டினர். அவ்வாண்டு டிசம்பரில் சந்தா பெற்று வீடுகளுக்கு வழங்கும் முறையை ஏற்படுத்தினர். நம் சென்னையிலும் அதே மார்கழியில் சபாக்கள் பல ஒன்றுகூடி, இணையவழியில் கட்டணம் பெற்றுக் கச்சேரிகளை வழங்கின. ஒரு சபா தனித்து நின்றிருந்தால் அஃது அரிது.

அவர்களுக்கு அரங்கு உண்டு, பணம் படைத்த அவையோர் உண்டு, நமக்கு எது என்று கேட்பீர்கள். அதே 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் "மார்கழியில் மக்களிசை" என்னும் விழாவைத் தொடங்கிற்று. சபாக்களின் மாதமென்று கருதப்பட்ட மார்கழியில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையேறின. அரங்கில் அமர்ந்தோர் சில நூற்றுவர் எனில், காணொளியில் கண்டோர் அவரினும் பன்மடங்கினர். சாவுக்குக் கட்டாயமாக அடிக்கச்சொன்ன கொடுமையை எதிர்த்து நம் முன்னோர் பறையைக் கீழே வைத்தனர், அதுவும் போராட்டமே. இன்று நம் பிள்ளைகள் தாமே விரும்பி அதனை எடுப்பதும் போராட்டமே. 2025இல் மதுரை மாவட்டப் பறையிசை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பறையை விற்றுக் கணினி வாங்கலாம் என்ற எம்போன்றோர்க்கு அச்செய்தி நாணம் தந்தது.

ஆயினும் எம் மனத்தை மாற்றியது விருதன்று. அதையும் கூறிவிடுகின்றோம்.

எம் ஊருக்கு அடுத்த ஊரில் வில்லுப்பாட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தார். உறவுமுறையில் எமக்குப் பெரியப்பா. முத்துப்பட்டன் கதையை அவர் பாடினால், பொம்மக்காவும் திம்மக்காவும் தீப்பாயும் கட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண் துடைப்பர். 2021இல், இரண்டாம் அலையில், அவர் மறைந்தார். வீட்டில் அவருடைய நிழற்படம் ஒன்று இருந்தது, குரல் இல்லை. அவருடைய பேத்தி நம் மாலைநேரப் பாடசாலையில் பயின்ற பெண். அவள் ஒருநாள் கைப்பேசியோடு எம்மிடம் ஓடிவந்து, "ஐயா, இது எங்க தாத்தா பாட்டு" என்றாள். எவரோ ஒருவர் ஏதோவொரு கொடையில் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றியிருந்தார். இலட்சக்கணக்கானோர் கண்டிருந்தனர். முன்னும் இடையிலும் விளம்பரங்கள் ஓடின. தலைப்பில் "பழைய வில்லுப்பாட்டு, பாடியவர் பெயர் தெரியவில்லை" என்றிருந்தது. அதன்கீழ் அப்பெண் "பாடியவர் என் தாத்தா" என்று அவர் பெயரையும் ஊரையும் எழுதினாள். இன்றுவரை மறுமொழி இல்லை, தலைப்பும் மாறவில்லை.

ஐம்பது ஆண்டுகள் பாடிய ஒருவர் பெயர் தெரியாதவராகிவிட்டார். அவரது ஊர் மூன்று கல் தொலைவில் இருந்தது. ஆசிரியராகிய யாமும் அங்கேயே இருந்தோம். ஒரு நாளேனும் ஒரு கைப்பேசியை அவர்முன் வைத்து, பெயரும் ஊரும் கேட்டுப் பதிந்து வைத்தோமில்லை. அன்று மாலையே, செயற்குழுவில் எம் கை உயர்ந்தது தவறென உணர்ந்தோம்.

பெயரும் புகழும் பெற்றோர்க்கும் இவ்வல்லல் உண்டு. 2021 மார்ச்சில் வெளிவந்த "எஞ்சாய் எஞ்சாமி" பாடலை அறியாதார் இலர். நம் சமுதாயக் கவிஞர் அறிவு, தம் குடும்பத்து மூதாட்டி வள்ளியம்மாளின் தோட்டத்தொழிலாளர் வாழ்வை நினைவில்கொண்டு அதனை ஆக்கினார். பல கோடி முறை உலகெங்கும் அது பார்க்கப்பட்டது. எனினும் அப்பாடலால் கலைஞர்களுக்கு வருவாய் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். பார்வைக் கணக்கு வேறு, பணக் கணக்கு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இளைஞர்களே! சட்டம் நமக்குத் துணையாக இருப்பதை அறியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம், பாடுவோர்க்கும் ஆடுவோர்க்கும் இசைப்போர்க்கும் "நிகழ்த்துநர் உரிமை" என்னும் தனியுரிமையை வழங்கியது. அவ்வுரிமை 50 ஆண்டுகள் நிற்கும். கதை முன்னோருடையதாக இருக்கலாம். அதனை இந்நாளில் இம்மேடையில் பாடியது இவருடைய நிகழ்ச்சி. அவர் இசைவின்றிப் பதிவுசெய்து வாணிகம் செய்தல் ஆகாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நிகழ்த்தியவர் இவர் என்று பெயர் குறிக்கப்பெறுவதும் அவருடைய உரிமையாகும். அம்பேத்கர் வழிவந்த நாம் சட்டத்தைப் படிக்கப் பிறந்தவர்கள். இச்சட்டத்தையும் படித்தல் வேண்டும்.

இனி, நாம் செய்யக்கூடியவை யாவை? கையில் பணமில்லாத கழகத்திற்கேற்ற ஐந்து செயல்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, நம் ஊர்களிலுள்ள மூத்த கலைஞர் ஒவ்வொருவரையும் நம் இளைஞர்களே பதிவு செய்தல் வேண்டும். நல்ல கைப்பேசி ஒன்றும், சட்டையில் செருகும் ஒலிவாங்கி ஒன்றும் போதும். பாட்டுக்கு முன் அவர்தம் பெயர், ஊர், ஆசானின் பெயர், பாடும் கதை, நாள் ஆகியவற்றை அவர் வாயாலேயே கூறச்செய்தல் வேண்டும். பதிவை ஒரு கைப்பேசியில் மட்டும் வைத்தால் அது நீரில் விழும் நாளில் பாட்டும் விழும். ஆதலின் மூன்று இடங்களில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, இசைவுக் கடிதம். எதற்காகப் பதிகின்றோம், வருவாய் வந்தால் எவர்க்கு எவ்வளவு என்பதை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டிக் கையொப்பம் பெறல் வேண்டும். நம்மவரிடமே பெறுகின்றோம் என்பதற்காக அதனை விட்டுவிடலாகாது. பிறர் செய்த தவற்றை நாமும் செய்தல் தகுமோ?

மூன்றாவது, ஒன்றுகூடல். ஒரு யூடியூப் தடத்திற்கு விளம்பர வருவாய் கிட்ட, 1000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பொதுவிதி. ஒரு சிறு குழுவிற்கு அஃது எட்டாக்கனி. மாவட்டத்திலுள்ள நம் மன்றங்கள் அனைத்தும் ஒரே தடத்தில் சேர்ந்தால் எட்டும். எட்டினும் அது சிறுதொகையே. எனவே அதனை வருவாய் என்று எண்ணாமல், அழைப்பு பெற்றுத்தரும் விளம்பரப் பலகை என்று எண்ணுங்கள். காணொளியைக் கண்டு ஓர் ஊர் கொடைக்கு அழைக்குமாயின், பல மாத விளம்பரப் பணத்தினும் அது பெரிது.

நான்காவது, அன்பளிப்பு. முன்பு பாட்டில் மகிழ்ந்தோர் பத்து ரூபாய்த்தாளைக் கலைஞர் சட்டையில் குத்துவர். இன்று எவர் சட்டைப்பையிலும் தாள் இல்லை. பணம் கைப்பேசியில் இருக்கின்றது. வில்லின் பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை ஒன்றை வையுங்கள். அது குழுவினருடைய வங்கிக் கணக்கின் அட்டையாக இருத்தல் வேண்டும். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் கணக்கின் அட்டையாக அன்று.

ஐந்தாவது, நலவாரியப் பதிவு. விண்ணப்பம் எழுதத் தெரியாத கலைஞர் ஒருவரேனும் நம் ஊர்களில் விடுபட்டிருத்தல் கூடாது. கல்லூரியிற் பயிலும் ஒவ்வொருவரும் ஒரு பெரியவர்க்கு எழுதிக்கொடுத்தால் இது ஒரு திங்களில் முடியும்.

இவை பெருஞ்செலவு கோருவனவல்ல. இவற்றால் அரசு தன் கடமையினின்று விலகலாம் என்பதும் எம் கருத்தன்று. கைப்பேசி வந்துவிட்டது, இனி மானியம் எதற்கு என்று எவரேனும் கூறின், அதனை ஏற்கலாகாது. கலைக்கு நிதி கேட்பது நம் உரிமை. அதுவரை கலையைச் சாகவிடாதிருப்பது நம் கடமை.

பள்ளியில் இணையவழிக் கல்வி நடந்த நாள்களில், ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாறிமாறிப் பிடித்துப் படித்ததை யாம் கண்டவர். கணினியின் அருமை எமக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்குக் கணினி வேண்டும், கட்டாயம் வேண்டும். அதற்கு வேறு வழி தேடுவோம். எம் பங்குத்தொகையை இம்மேடையிலேயே கழகப் பொருளாளரிடம் அளிக்கின்றோம். ஆனால் அக்கணினியில் நம் பிள்ளைகள் காணப்போவது எது? பாடியவர் பெயர் தெரியாத பாட்டா? தம் பாட்டன் பாட்டியரின் பெயரும் ஊரும் பொறித்த பாட்டா?

அப்பேத்தி இன்று கல்லூரியில் பயில்கின்றாள். இக்காலையில் நம் கலைக்குழுவில் குடம் அடித்தவள் அவளே. நிகழ்ச்சி தொடங்குமுன் ஒலிவாங்கியின் முன் நின்று குழுவினர் எண்மரின் பெயரையும் ஊரையும் அவள் உரைத்ததை நீங்கள் கேட்டீர்கள். பதிவுக்காகவே உரைத்தாள். வரும் பொதுக்குழுவில் தீர்மானம் வரும்போது அக்குரலை நினைவிற் கொள்ளுங்கள் என்று வேண்டி அமைகின்றோம்.