பேச்சுத் தாளும் நம் பிள்ளைகளும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



எஸ்டிபிஎம் முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப்போடும் நம் பிள்ளைகளுக்கு 'மூவெட்' ஆங்கிலத் தேர்வு அவசியம். 1999-இல் வந்தது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு தாள்கள். 2021 முதல் ஒவ்வொன்றுக்கும் 90 மதிப்பெண். ஆக, எழுத்துக்குள்ள எடை பேச்சுக்கும் உண்டு!

நம் பிள்ளை இலக்கணத்தைக் கரைத்துக் குடித்திருக்கும். பேச்சுத் தாளிலோ முதலில் தனியாகப் பேச வேண்டும். பிறகு மற்றவர்களோடு விவாதிக்க வேண்டும். லயத்தில் யாரோடு பேசிப் பழகியது?

கிராணிமாரே, நம் ஆபீஸ் ஆங்கிலம் 'எஸ் சார்' அளவுதான் என்றாலும் பரவாயில்லை. நான்கு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒரு விஷயத்தைக் கொடுத்துப் பேசச் சொல்வோம். தப்பாகப் பேசினால் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க மண்டபத்தைத் திறந்து வைக்கிறேன், அனுப்பி வையுங்கள்.