பச்சை விறகின் எடை

சிவகிரிக்கு மேற்கே மலையெல்லாம் காடுதான். ஆனால் ஊர் விறகுக்கடைக்கு அங்கிருந்து மரம் வரக்கூடாது. 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கடைக்கு ஏற்றது, குளத்துக்குள்ளும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம். அதைத் தாராளமாக வெட்டலாம். தூரோடு எடுக்காவிட்டால் மறுபடி தழைத்துவிடும்.

சிக்கல் எடைமேடையில் தொடங்குகிறது. அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தண்ணீராக இருக்கும். காயப்போட்டால் எடை குறையும். எடை போட்டு விற்கிற வியாபாரிக்கு அது கண்முன்னே கரையும் பணம். காயாமல் விற்றால் வாங்கியவர் அடுப்பில் புகைதான் மிஞ்சும். தீயின் சூட்டில் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். புகையைக் குடிப்பது சமைக்கிற பெண்களின் நுரையீரல். அதனால், காய்ந்த விறகுக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை கேட்பது நியாயமே என்பேன். வாங்குபவர்களும் அதை மனமுவந்து கொடுக்க வேண்டும்.

விறகு நன்றாகக் காய வேண்டுமானால், மாசி, பங்குனியில் வெட்டிப் பிளந்துவிடுங்கள். கரையான் ஏறாதபடி கல் பரப்பி, அதன்மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன் தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள். பக்கங்களை மூடினால் உள்ளே பூசணம் பிடிக்கும்.