மாத்திரைப் போத்தலும் சாயத்தண்ணியும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



2020 டிசம்பரில் கேகாலையில், கொவிட்டைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றது நினைவிருக்கும். தேனும் சாதிக்காயும் சேர்த்த அந்தப் பாணியை எல்லோர் முன்னிலையிலும் குடித்த அப்போதைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது.

கைமருந்தை நான் இகழவில்லை. கொத்தமல்லி அவித்த தண்ணீர் தொண்டைக்கு இதம். ஆனால் இதம் வேறு, காப்பு வேறு. காப்புக்குத் தடுப்பூசி இருக்கிறது. தினமும் சாப்பிடும் சோறு கறி இருக்கிறது.

"நோயெதிர்ப்புச் சக்தி" என்று எழுதிய போத்தலை நாட்சம்பளத்தில் வாங்குகிறோம். விற்றமின் சி உடலில் அதிகம் தங்காது. மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும். தோடம்பழத்தை விடக் கொய்யாவில் அது அதிகம்.

கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் பலருக்கு உண்மையான குறை இரும்புச்சத்து. அது குறைந்தால் மலையேற மூச்சு வாங்கும். நோயை எதிர்க்கும் வலுவும் குறையும். ரொட்டியோடு குடிக்கும் சாயத்தண்ணி, உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். இரும்பு நன்றாகச் சேரும்.

கிளினிக்கில் கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரையும் திரிபோஷாவும் இலவசம். மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம். திரிபோஷாவை வீட்டார் பங்கு போடாமல் அவளே சாப்பிடட்டும். மூலிகை மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

சகோதரிகளே, அடுத்த முறை தோட்டத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போகும்போது போத்தல் வேண்டாம். ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுபோங்கள். சாயத்தண்ணிக் கதையையும் சொல்லிவிட்டு வாருங்கள்.