கிற்றாருக்கு ஓர் ஒலிப்பெட்டி



வீணைக்குக் குடம் உண்டு. யாழுக்குப் பத்தர் இருந்தது. தந்தி தானாக எழுப்பும் ஒலி மிகச் சிறிது. அதனை அவை நிரம்பும் நாதமாக்குவது அந்த மரக்கூடே. மின்கிற்றாரோ பெரும்பாலும் திண்ணிய பலகையால் ஆனது. அதன் உருக்குத் தந்திகளின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்குறிப்பாக மாற்றுகின்றன. பெருக்கி அதனை வலுப்படுத்துகின்றது. ஒலிபெருக்கி மீண்டும் ஒலியாக்குகின்றது. ஆகவே மின்கிற்றாரின் குடம் எங்கே என்று கேட்பின், வாசிப்போனுக்கு அப்பால் நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டியையே காட்டவேண்டும். அப்பெட்டியை வீட்டிலே செய்துகொள்ளும் முறையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பெட்டி எதற்கு என்பதை முதலில் அறிதல் நன்று. ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகின்றது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று ஐதாகின்றது. தடுப்பொன்றும் இல்லையெனின் முன்காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடி, ஒன்றையொன்று அழித்துவிடும். கிற்றாரின் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்வது. அதன் அலைநீளம் 4 மீற்றருக்கும் சற்று அதிகம். இத்தகைய நீண்ட அலைகளே முதலில் அழிவன. 1925 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் இன்றைய ஒலிபெருக்கிக்கு மூலமான அசைசுருள் அமைப்பை வெளியிட்டபோதே, தடுப்புப் பலகையின் அவசியத்தையும் எடுத்துக்காட்டினர்.

கிற்றார்ப் பெட்டிகள் இருவகைப்படும். பின்புறம் ஓரளவு திறந்திருப்பது ஒருவகை. லியோ பெண்டரின் நிறுவனம் 1959 இல் விற்ற பாஸ்மன் பெருக்கி இவ்வகையினது. 10 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு அதில் இருந்தன. முற்றாக மூடப்பட்டது மற்றொரு வகை. மேற்கு இலண்டனின் ஹன்வெல் பகுதியில் 1960 இல் வாத்தியக் கடை திறந்த ஜிம் மார்ஷல் இதனைப் புகழ்பெறச் செய்தார். பாஸ்மனைப் பின்பற்றி அவரது கடையினர் பெருக்கியொன்றைச் செய்தனர். அக்காலத்து 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்று தாங்கும் வலு குறைவு. எனவே நான்கினை ஒரே பெட்டியில் அமைத்துச் சுமையைப் பகிர்ந்தனர். திறந்த பெட்டியின் ஒலி அறையெங்கும் பரவும். மூடிய பெட்டியின் ஒலி இறுக்கமாக முன்னோக்கிப் பாயும். சிறிய அறையில் வாசிப்போர் திறந்த பெட்டியைத் தெரிந்துகொள்வது நலம்.

இனி வேலைக்கு வருவோம். 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்றுக்கு, வெளியளவில் 20 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் 11 அங்குல ஆழமும் போதுமானவை. முக்கால் அங்குலத் தடிப்புள்ள ஒட்டுப்பலகையே உகந்தது. அதன் படைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டிலும் எளிதில் கோணாது, வெடிக்காது. மரத்தூட் பலகை மலிவெனினும், ஈரத்தில் ஊதும். திருகாணியை உறுதியாகப் பற்றாது.

மேலும் கீழும் 20க்கு 11 அங்குலமாக இரு துண்டுகள். பக்கங்களுக்கு 16½க்கு 11 அங்குலமாக இரு துண்டுகள். மேல் கீழ்ப் பலகைகளின் தடிப்பைக் கழித்தே பக்கங்களின் உயரத்தைக் கணித்துள்ளோம். தேர்ந்த தச்சர் விரல்களைக் கோத்ததுபோல மூலைகளை இணைப்பர். அப்போது பக்கத் துண்டுகளும் முழு 18 அங்குலமாக வேண்டும். அனுபவம் குறைந்தோர் உட்புற மூலைகளில் ஓர் அங்குலச் சட்டங்களை வைத்து, பசையும் திருகாணியும் இட்டு இறுக்கலாம். பசை உலரும்வரை மூலைமட்டம் பிசகாதிருத்தல் வேண்டும்.

முன்பலகை 18½க்கு 16½ அங்குலம். அதில் வெட்டும் வட்டம் பெரும்பாலும் 11 அங்குல விட்டமுடையது. எனினும், வாங்கிய ஒலிபெருக்கியை அளந்த பின்னரே வாளை எடுக்க. முன்பலகையை ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப் பொருத்தினால், துணி போர்த்த சட்டத்துக்கு இடம் கிடைக்கும். பின்புறம் மேலும் கீழும் ஒவ்வொரு பலகை இட்டு, நடுவே உயரத்தில் மூன்றிலொரு பங்கினைத் திறந்துவிடலாம். தளர்ந்த ஆணி ஒன்றிருந்தாலும் அது நாதத்தோடு கிறுகிறுக்கும். ஆதலால் ஒவ்வொன்றையும் இறுக்கிச் சோதிக்க.

மின்னிணைப்பில் கவனம் வேண்டும். ஒலிபெருக்கி தாங்கும் உவாற்று அளவு பெருக்கியின் வலுவிலும் அதிகமாயிருத்தல் வேண்டும். பெருக்கி எத்தனை ஓமுக்கு அமைக்கப்பட்டதோ, பெட்டியும் அத்தனை ஓம் கொண்டதாக இருத்தல் நன்று. 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 16 ஓம். சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம். வால்வுப் பெருக்கியை ஒலிபெருக்கி இணைக்காமல் இயக்கினால் அதன் மாற்றி எரிந்துபோகக்கூடும். திரான்சிற்றர்ப் பெருக்கிக்கோ, குறித்த அளவிலும் குறைந்த ஓமே ஆபத்து. கிற்றாரைப் பெருக்கியுடன் இணைக்கும் மெல்லிய வடத்தை இங்கே பயன்படுத்தலாகாது. தடித்த இருகம்பி வடமே வேண்டும். பெருக்கியைத் திறந்து உள்ளே கைவைப்பது பயிற்சியில்லாதோர் செய்யத்தகாத காரியம். மின்னை நிறுத்திய பின்னும் அதன் கொள்ளளவிகளில் உயிர்போக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

இறுதியாக, செய்முறையினும் முக்கியமான ஒன்று உண்டு. கிற்றாருக்கென அமைந்த நல்ல 12 அங்குல ஒலிபெருக்கி, ஒரேயொரு உவாற்று வலுவில், ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபெல் அளவுக்கு ஒலிக்கவல்லது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லுக்கு எஞ்சுவது 15 நிமிடமே. மார்ஷல் பெட்டிகளை அடுக்கி வாசித்த பீற் ரவுன்சென்ட் தமது செவிப்புலன் பழுதடைந்ததைப் பகிரங்கமாகவே கூறியுள்ளார். உயர்ந்த சுரங்கள் ஒலிபெருக்கிக்கு நேரெதிரே ஒடுங்கிப் பாய்வன. பெட்டியைத் தரையில் வைத்து அருகே நிற்பவனுக்கு அவை மங்கலாகவே கேட்கும். அவன் மேலும் மேலும் ஒலியைக் கூட்டுவான். எதிரே இருப்பவர் வருந்துவர். பெட்டியைச் சற்றே சாய்த்து, முகம் தன்னை நோக்க வைத்தால், குறைந்த ஒலியே போதுமென்பதை அவன் தன் செவியாலேயே அறிவான்.

சில பலகைகளும், சில நாள் உழைப்பும், அளவறிந்த கையும் இருந்தால் இப்பெட்டி உருவாகிவிடும். அளவு பலகையை அறுக்கும்போது மட்டும் வேண்டுவதன்று, வாசிக்கும்போதும் வேண்டுவது. பெட்டி பழுதானால் மீண்டும் செய்துகொள்ளலாம். செவியைச் செய்துதரும் தச்சன் இல்லை.