கியர் ஒயிலையும் கொஞ்சம் பாருங்கள்

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பற்றரியைப் பற்றித்தான். எத்தனை வருடம் போகும், மாற்ற எவ்வளவு முடியும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கியர் பெட்டிக்குள் கிடக்கும் ஒயிலைப் பற்றிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். இன்றைக்குப் பற்றரியை விட்டுவிடுவோம், ஒயிலைப் பற்றிக் கதைப்போம்.

இப்போது ஒரு புது நாகரிகம் வந்திருக்கிறது. சின்னக் கருவி ஒன்றை ஸ்ரியரிங்குக்குக் கீழே செருகிவிட்டுப் போனில் மோட்டரின் வெப்பநிலை பார்ப்பது. நானும் பார்க்கிறேன், நல்ல விஷயம். ஆனால் கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று நுவரெலியாவுக்கு ஏறும்போது இலக்கம் கூடுகிறது என்று பதறிப்போய் நடுவழியில் எனக்குப் போன் எடுக்கிறார்கள். ஏற்றத்தில் சூடு ஏறத்தான் செய்யும், மோட்டர் பாரம் இழுக்கிறதல்லவா? மேலே சமதரைக்கு வந்த பிறகு சூடு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் ரீயைக் குடித்துவிட்டு ஆறுதலாகப் போங்கள். இறங்காமல் நின்றாலோ, அதே றோட்டில் போன வருடம் இருந்ததைவிட இந்த வருடம் கூடக் காட்டினாலோதான் யோசிக்கவேண்டும்.

அப்போதும் எடுத்தவுடன் ஒயிலில் பழியைப் போடாதீர்கள். கார் ஆறியதும் பொனற்றைத் திறவுங்கள். இன்வேட்டருக்கென்று தனியாக ஒரு கூலன்ற் தாங்கி இருக்கும். காரை ரெடியில் வைத்துவிட்டு அதற்குள் பாருங்கள். கூலன்ற் சுழன்று கொந்தளிக்கவேண்டும். அசையாமல் கிடந்தால் பம்பைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் கியர் பெட்டியின் சூட்டை எடுப்பதும் அதே கூலன்ற்தான்.

சரி, ஒயிலுக்கு வருவோம். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களின் கியர் பெட்டிக்குள் பெல்ற் இல்லை, ரோர்க் கொன்வேட்டர் இல்லை, கியர் மாற்றும் கிளச் தட்டுகளும் இல்லை. இரண்டு மோட்டரும் பிளனற்றரி கியரும்தான். அப்படியென்றால் ஒயிலுக்கு என்ன வேலை? பல்லுத் தேயாமல் காப்பது ஒன்று. மோட்டரின் செப்புச் சுருளில் பட்டு அதன் சூட்டை வாங்குவது மற்றது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் அந்த மோட்டர்கள் 650 வோல்ற் வரை வேலை செய்பவை. கண்ட கண்ட ஒயிலையும் அதன்மேல் ஊற்றலாமா?

ஊற்றுகிறார்களே! இந்தக் கியர் பெட்டியின் பெயரில் ஈ-சி.வி.ரி. என்று இருக்கிறபடியால் சி.வி.ரி. ஒயிலை எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். அந்த ஒயில் பெல்ற் வழுக்காமல் பிடிப்பதற்குச் செய்தது. இங்கே பெல்ற்றே இல்லை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கும் பழைய அக்குவாவுக்கும் வேண்டியது ஏ.ரி.எஃப். டபிள்யூ.எஸ். இன்னொரு தரம் சொல்கிறேன், சி.வி.ரி. ஒயில் வேண்டாம், ஏ.ரி.எஃப். டபிள்யூ.எஸ். புது மொடல்களுக்கு வேறு ஒயிலும் உண்டு, கைநூலைப் பார்த்து ஊற்றுங்கள்.

"இந்த ஒயிலை மாற்றவே தேவையில்லையாமே?" என்றும் கேட்கிறார்கள். பல கைநூல்கள் பரிசோதிக்கச் சொல்கின்றனவே தவிர, சாதாரண ஓட்டத்துக்கு மாற்றும் காலத்தைச் சொல்வதில்லை. நான் அதை ஏற்பதில்லை. சூடு பத்துப் பாகை கூடினால் ஒயில் பழுதாகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பழைய கணக்கு. அதோடு, எங்கள் ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை யப்பானில் ஓடி முடித்து வந்தவை. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை தனியார் கார் வராதபடியால், இருந்ததையே எல்லோரும் ஓட்டித் தள்ளினோம். 60,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்றுங்கள் என்பது என் கணக்கு. சரித்திரம் தெரியாத கார் என்றால் வாங்கிய கையோடு மாற்றுங்கள்.

மாற்றும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மெசின் பூட்டி அமுக்கித் தள்ளிக் கழுவுவது இப்போது கராஜுகளில் பெரிய எடுப்பாக நடக்கிறது. இந்த ஹைபிரிட்டுகளுக்கு அது தேவையே இல்லை. சாதாரண ஓட்டோ கியரில் பாதி ஒயில் கொன்வேட்டருக்குள் ஒளிந்துகொள்ளும். இங்கே ஒளிய இடமில்லை, திறந்துவிட்டால் அநேகமாக எல்லாமே வந்துவிடும். காரை நாலு பக்கமும் மட்டமாக உயர்த்துங்கள். முதலில் மேலே நிரப்பும் பூட்டைக் கழற்றுங்கள். மேல் பூட்டு முதலில், நேயர்களே! கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் இறுகிக்கிடந்தால் காரை நகர்த்தவும் முடியாது. பிறகு கீழே வடியவிடுங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுங்கள். வடிந்ததில் ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். புது ஒயில் நல்ல சிவப்பு. பழையது கறுத்து, விரலால் தேய்த்தால் வெள்ளிப் பொடி மினுங்கும். அதை ஒருமுறை காட்டினால் எந்தக் காரின் சொந்தக்காரரும் என்னோடு வாதாடுவதில்லை.

புது வாஷர் போட்டுக் கீழ்ப் பூட்டை இறுக்கி, குழாயால் மெல்ல ஏற்றுங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கு 3.4 லீற்றர். மேல் துளையின் விளிம்பில் ஒயில் கசியத் தொடங்கினால் போதும். நாலு லீற்றர் கான் ஒன்று, இரண்டு வாஷர், ஒரு காலைப்பொழுது. மெசின் வேண்டாம்.

அடுத்த முறை சேர்விஸுக்குப் போகும்போது ரசீதில் வெறுமனே கியர் ஒயில் என்று எழுதவிடாதீர்கள். ஒயிலின் முழுப்பெயரையும் அன்றைய கிலோமீற்றரையும் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். எழுத மறுக்கும் கராஜுக்கு மறுபடி போகவேண்டாம்.